மேனாம்பேடு முதல் பூந்தமல்லி வரை, கடைசி ஆளாக

ஞாயிறு, காலை 4.40. மேனாம்பேடு.

மேனாம்பேட்டிலிருந்து பூந்தமல்லிக்குப் போக நல்ல வழிகள் பல உண்டு. வானகரம் சாலையைப் பிடித்தால் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். ஆட்டோக்காரர் முந்நூற்றைம்பது கேட்பார், முந்நூறுக்கு வருவார். நான் போனது அம்பத்தூர் தொழிற்பேட்டை எஸ்டேட், பாடி, திருமங்கலம், கோயம்பேடு, மதுரவாயல், வேலப்பன்சாவடி என்று ஊரையே ஒரு சுற்று சுற்றி இருபத்தொரு கிலோமீட்டர், ஓடி. மேற்கே இருக்கும் ஊருக்குக் கிழக்கே கிளம்புகிறாயே என்று என் வீட்டுக்காரர் போர்வைக்குள்ளிருந்து கேட்டார். எங்கள் ஓட்டக் குழு வகுத்த பாதை அது, நான் என்ன செய்வது என்று சொல்லிவிட்டு ஷூ நாடாவைக் கட்டினேன்.

குழுவில் முப்பது பேர் இருக்கிறோம். பாதிப் பேர் ஐ.டி. கம்பெனிக்காரர்கள், மீதி என்னைப் போல இன்சூரன்ஸ், பேங்க் என்று உட்கார்ந்து உட்கார்ந்து இடுப்பு பிடித்துக்கொண்டவர்கள். குழுவில் ஒரு வழக்கம் உண்டு. முதன்முறையாக இருபத்தொரு கிலோமீட்டரை முடிக்கிறவர் கழுத்தில் கேப்டன் சிவப்புக் கயிறு கோத்த ஸ்டீல் விசில் ஒன்றை மாட்டுவார். அடுத்த ஆள் முடிக்கும்வரை ஒவ்வொரு ஞாயிறும் அவர் ஊதினால்தான் ஓட்டம் தொடங்கும். முடித்ததற்குச் சாட்சி, ஓடிய தூரத்தை அளக்கும் கைவாட்ச். அதில் இருபத்தொன்று என்று காட்ட வேண்டும்.

அந்த விசில் எனக்கு வேண்டியிருந்தது. முப்பது ரூபாய் விசிலுக்கா இந்தப் பாடு என்று நீங்கள் கேட்கலாம். எனக்கு வயது நாற்பத்து நான்கு. வீணை பாதியில் நின்றது, தபால் வழிப் படிப்பு பாதியில் நின்றது, இந்த ஓட்டமும் இரண்டு முறை வேலப்பன்சாவடியில் நின்று ஆட்டோவில் முடிந்தது. "மலர் எதையும் முடிக்க மாட்டா" என்று வீட்டில் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். சிரித்துக்கொண்டு சொன்னாலும் அது உறுத்தும்.

காலை 4.55. எஸ்டேட் சாலை முனை.

கிளம்பும் முன் கேப்டன் ரகு வழக்கமான சொற்பொழிவை ஆரம்பித்தார். கோயம்புத்தூர்க்காரர், நல்ல மனிதர், ஆறடி உயரம், மான் மாதிரி ஓடுவார். என்னிடம் தனியாகவே வந்து சொன்னார்.

"மேடம், கால் எப்பவும் நிக்காதுங்க. மனசுதான் நிக்கும். நீங்க ரெண்டு தடவ விட்டது காலால இல்ல, மனசால. இன்னிக்கு ஒண்ணு பண்ணுங்க. ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் வாட்ச் அதிர்றத ஆஃப் பண்ணிடுங்க. பதிமூணு கிலோமீட்டர் வரைக்கும் அதப் பாக்கவே பாக்காதீங்க. மனச மட்டும் பாருங்க."

நான் சமர்த்தாக அதிர்வை அணைத்தேன். கடைசியாக விசில் வாங்கியவர் ஊதினார். மான்கள் எல்லாம் பறந்துவிட்டன. தண்ணீர்க் கேன், வாழைப்பழம், வலிக்கு அடிக்கும் ஸ்பிரே எல்லாம் ஏற்றிய ஸ்கூட்டர் ஒன்று உண்டு. அதுவும் முன்னால் ஓடுகிறவர்களோடு போய்விட்டது. ஏனென்றால் அதை ஓட்டுகிறவர்தான் படமும் எடுக்கிறார், கடைசியில் மூச்சிரைக்க வருகிறவளைப் படம் எடுத்து யாருக்கு என்ன லாபம்? தண்ணீர் யாருக்கு அதிகம் தேவை என்று இந்தப் படித்த கூட்டத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை. நான் இருபது ரூபாய் பாட்டில் ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினேன்.

காலை 5.15. எஸ்டேட்.

போகாதவர்களுக்காகச் சொல்கிறேன். இந்த நேரத்தில் எஸ்டேட் சாலை அழகாகத்தான் இருக்கிறது. கம்பெனி வாசல்களில் மஞ்சள் விளக்கு, ஷிப்ட் பஸ்ஸுக்குக் காத்து நிற்கும் பெண்கள், எங்கோ கேன்டீனில் பொங்கலுக்கு மிளகு தாளிக்கும் வாசனை. நடைபாதை என்று ஒன்று இருக்கிறது, அதன்மேல் டிரான்ஸ்பார்மரும் குப்பைத் தொட்டியும் தூங்கும் நாய்களும் இருக்கின்றன. ஆகவே சாலையில்தான் ஓட வேண்டும். சாலையில் கன்டெய்னர் லாரிகள் நம்மை உரசுவது போல வந்து, தாண்டியபின் ஹாரன் அடிக்கும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், யாரும் எழுத மாட்டார்கள். அம்பத்தூரிலிருந்து பூந்தமல்லி வரை, காலை ஐந்து மணிக்குத் திறந்திருக்கும் பெண்கள் கழிப்பறை ஒன்றுகூட என் கண்ணில் பட்டதில்லை. ஆண்களுக்குச் சுவர் இருக்கிறது. எங்கள் குழுவின் மான்கள் சுவரைப் பார்த்து நின்று, வாட்சை நிறுத்தி, மறுபடி தட்டிவிட்டு ஓடுகிறார்கள். நான் முந்தின நாள் சாயங்காலத்திலிருந்தே தண்ணீரைக் குறைத்துக்கொள்கிறேன். பிறகு வேலப்பன்சாவடியில் தலை சுற்றினால் அது என் மனசின் பலவீனம்!

காலை 5.38. பாடி.

பாடி மேம்பாலத்துக்கு அடியில் விடிந்தும் விடியாமலும் இருக்கும். ஒரு டீக்கடை, நாலைந்து பேர், பழைய பாக்டரிச் சுவர். நான் கடைக்குப் பக்கத்தில் வந்தபோது பின்னாலிருந்து ஒரு பைக் வேகம் குறைத்தது. இரண்டு பையன்கள், இருபத்திரண்டு வயதிருக்கும்.

"இன்னா ஆன்ட்டி, யாரு தொர்த்துறாங்க?" என்றான் ஓட்டியவன்.

நான் நேரே பார்த்து ஓடினேன். பைக்கும் கூடவே உருண்டது.

"மாமே, எல்லாம் குலுங்குது பார்றா, ஒண்ணும் கொறயல," என்றான் பின்னால் இருந்தவன். செல்போனைத் தூக்கிப் பிடித்திருந்தான். அதன் வெளிச்சம் என் மேல் விழுந்தது.

அங்கே நின்றேன். நிற்கும்போது விரல் தானாக வாட்சின் பொத்தானை அழுத்தியது. ஓடுகிறவர்கள் எல்லோருக்கும் இருக்கும் பழக்கம் அது. சிக்னலில் நின்றால், நாய்க்கு நின்றால், ஷூ நாடா அவிழ்ந்தால் முதலில் வாட்சைத்தான் நிறுத்துவோம். நின்று, "போனைக் கீழ இறக்குடா!" என்று கத்தினேன். என் குரல் பாலத்துக்கு அடியில் எதிரொலித்தது. அவன் சிரித்தான். கையிலிருந்த தண்ணீர் பாட்டிலை வீசினேன். அது பைக்கின் பின் சக்கரத்தில் பட்டு உருண்டது. வண்டி உறுமிக்கொண்டு திருமங்கலம் பக்கம் போய்விட்டது.

டீக்கடையில் இருந்தவர்கள் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். கடைக்காரர் டீ ஆற்றுவதை நிறுத்தவே இல்லை.

"இந்தப் பசங்க அப்டித்தாம்மா. நீ இன்னாத்துக்கு இந்நேரத்துல தனியா ஓடிகினு கீற? வேற பக்கம் ஓட வேண்டியதுதான?" என்றார்.

"வேற பக்கம் எங்க அண்ணே இருக்கு? சொல்லுங்க, அங்க ஓடுறேன்" என்றேன். பன்னிரண்டு ரூபாய்க்கு டீ விற்கிறவரிடம் போய்ச் சண்டை போட்டு ஆவதென்ன? பையன்கள் போன அதே திசையில்தான் நானும் போக வேண்டியிருந்தது. ஓடினேன்.

அங்கிருந்து திருமங்கலம் வரை நான் பார்த்தது ஒன்றுமில்லை, மன்னிக்க வேண்டும். பயணம் எழுதுகிறவள் வழியைச் சொல்ல வேண்டும். ஆனால் ஒவ்வொரு பைக் சத்தத்துக்கும் தோள் தூக்கிப்போட்டது. அந்தப் படத்தை எங்கே போடுவான், யார் பார்ப்பார்கள், என் மகன் பார்ப்பானா என்று ஓடிக்கொண்டே இருந்தது மனசு. மனசை மட்டும் பாருங்கள் என்றார் அல்லவா கேப்டன். பார்த்தேன். அதில் இதுதான் இருந்தது.

காலை 6.45. மதுரவாயல்.

கோயம்பேட்டில் காய்கறி லாரிகளுக்கு நடுவே பாதுகாப்பாக உணர்ந்தேன் என்றால் சிரிப்பீர்கள். அங்கே கூட்டம் இருந்தது, மூட்டை சுமக்கிறவர்கள் என்னைப் பார்க்க நேரமில்லாமல் ஓடினார்கள். கோபம் கொஞ்சம் கொஞ்சமாகக் காலுக்கு இறங்கியது. பூந்தமல்லி நெடுஞ்சாலையில் மதுரவாயல் பாலம் தெரிந்தபோது மூச்சு சீராக இருந்தது, முட்டி வலிக்கவில்லை. பதின்மூன்று ஆகியிருக்கும், இனி பார்க்கலாம் என்று ஆசையாக வாட்சைத் திருப்பினேன்.

ஐந்து புள்ளி ஒன்று என்று காட்டியது.

பாடியில் நிறுத்தியதை மறுபடி தட்டவே இல்லை. எட்டு கிலோமீட்டர் போயே போய்விட்டது. ஓடாதவர்களுக்கு இது புரியாது, புரிய வேண்டிய அவசியமும் இல்லை. ஆனால் உண்மையைச் சொல்கிறேன், ஒரு நிமிடம் முன்புவரை நன்றாக இருந்த கால் அந்த எண்ணைப் பார்த்ததும் இரும்பாகக் கனத்தது. ஓடியது என் கால், அதற்குத் தெரியாதா எவ்வளவு தூரம் என்று? தெரியவில்லை. நடுச்சாலையில் நின்று அழுதேன். லாரிக்காரர் ஒருவர் ஜன்னலிலிருந்து எட்டிப் பார்த்து, "இன்னாமா, அடி கிடி பட்டுச்சா?" என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன். அவர் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். வாங்கிக் குடித்துவிட்டுப் பொத்தானை அழுத்தினேன்.

காலை 7.20. வேலப்பன்சாவடி.

இங்கேதான் இரண்டு முறையும் விட்டேன். ஆட்டோ ஸ்டாண்டில் அதே ஆள், அதே ஆட்டோ, பல்லில் வேப்பங்குச்சி. என்னைப் பார்த்ததும் எழுந்து சீட்டைத் தட்டினார்.

"இன்னாமா, வந்துட்டியா? ஏறு."

"இன்னிக்கு ஏறல."

"போன தபாவும் அப்டித்தான் சொன்ன. பத்தடி போய்ட்டுத் திரும்பி வந்த."

உண்மைதான். கண் முன்னால் பூச்சி பறந்தது, தொடை இழுத்தது. ஏறி உட்கார்ந்தால் பத்து நிமிடத்தில் பூந்தமல்லி. வாட்சும் எப்படியும் கணக்கில் சேர்க்காது, பிறகு எதற்கு ஓட வேண்டும்? இந்தக் கேள்வி மிக நியாயமாகத் தோன்றியது.

"மூஞ்சி ரொம்ப சூடா கீதே. யாரு மேல கோவம்?" என்றார்.

"எல்லார் மேலயும்."

"அப்ப சர்தான். போய்க்கினே இரு. வண்டி எங்க போவப்போவுது, இங்கதான் நிக்கும்." குச்சியை வாயில் வைத்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்துவிட்டார்.

பத்தடி போனேன். திரும்பவில்லை.

காலை 7.30. நூம்பல்.

நெடுஞ்சாலையை விட்டு நூம்பல் பக்கம் திரும்பும் முனையில் ஷாஹிதா நின்றிருந்தாள். பூந்தமல்லியில் ரெடிமேட் கடை வைத்திருப்பவள், வயது இருபத்தொன்பது, முழுக்கை, தலையில் இறுக்கிய துணி. எங்கள் குழுதான், ஆனால் கடைசி நான்கு கிலோமீட்டர் மட்டும் ஓடுவாள். கையில் உப்பு போட்ட எலுமிச்சைத் தண்ணீர்.

"அக்கா, நீங்க வருவீங்கன்னு தெரியும். ஆறு மணிலேர்ந்து நிக்கிறேன்."

ஓடிக்கொண்டே பாடியைச் சொன்னேன், வாட்சைச் சொன்னேன். இரண்டு பக்கமும் புதுப்புது அடுக்குமாடிகள், இடையில் மிச்சமிருந்த வயலில் கொக்குகள், "உடனே குடியேறலாம்" என்று பேனர்கள்.

"நான் ஏன் நாலு கிலோமீட்டரோட நிறுத்திக்கிறேன்னு கேப்டன் கேப்பாரு. மனசு வெக்க மாட்டேங்கிறேன்னு சொல்வாரு," என்றாள் ஷாஹிதா. "இந்தப் பக்கம் பூரா அத்தாவைத் தெரிஞ்சவங்க. யாரும் வாயத் தொறக்க மாட்டாங்க. இதத் தாண்டினா நான் யாரோ. அவ்ளோதான்க்கா என் மனசு."

குமணன்சாவடி, கரையான்சாவடி. சாலையின் நடுவே மெட்ரோ தூண்கள் வரிசையாக வந்தன. என் அடிக்கு அவள் அடி சேர்ந்து விழுந்துகொண்டிருந்தது. வழி முழுவதும் தூக்கிப்போட்டுக்கொண்டிருந்த தோள் அன்று முதன்முறையாகக் கீழே இறங்கியது.

காலை 8.05. பூந்தமல்லி.

பஸ் நிலையத்துக்குப் பக்கத்து டிபன் கடை. குழு முழுவதும் இட்லியை முடித்துவிட்டு இரண்டாவது காபியில் இருந்தது. என்னைப் பார்த்ததும் கைதட்டினார்கள். நான் அழவும் சிரிக்கவும் செய்தேன். முடித்தேன், முடித்தேன் என்று நானே சொல்லிக்கொண்டேன்.

கேப்டன் எழுந்து வந்து, "சூப்பருங்க மேடம், வாட்சக் காட்டுங்க" என்றார். பார்த்தார். புருவம் ஏறியது.

"பதிமூணு காட்டுதுங்களே."

சொன்னேன். அவர் என் போனை வாங்கி, வாட்ச் பதிவுசெய்த பாதையின் வரைபடத்தைப் பெரிதாக்கினார். பாடியிலிருந்து மதுரவாயலுக்கு ஒரு நேர்கோடு. முகப்பேர், நெற்குன்றம் மாடிகளுக்கு மேலே, சாலையே இல்லாத இடத்தில் நான் போயிருந்தேன்.

"பறந்து வந்தீங்களா மேடம்?" என்று ஒருவர் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை, தெரியும். தலைவலியும் திருகுவலியும் தனக்கு வந்தால்தானே.

"நான் நம்புறேங்க," என்றார் கேப்டன். "ஆனா விதின்னு ஒண்ணு இருக்குதுங்களே. உங்களுக்கு ஒண்ணு, மத்தவங்களுக்கு ஒண்ணுன்னு வெக்க முடியாது. அடுத்த மாசம் பாத்துக்கலாம். பசங்க நாலு வார்த்த சொல்லுவாங்க மேடம், அதையெல்லாம் மனசுல ஏத்திக்கக் கூடாது. அதானே மன உறுதி."

"ரகு சார், நீங்க பாடில எத்தன தடவ நின்னிருக்கீங்க?"

"நான் எதுக்குங்க நிக்கணும்?"

"அதான் கேக்குறேன். உங்க மனசு மொத்தமும் ஓட்டத்துக்குத்தான். என் மனசுல பாதி பின்னாடி எந்த வண்டி வருதுன்னு பாக்குது, கால்வாசி சட்ட சரியா இருக்கான்னு பாக்குது, மிச்சத்துலதான் ஓடுறேன். அதுல ஒரு பொத்தானத் தட்ட மறந்தா எனக்கு உறுதி இல்லையா? வெந்த புண்ணுல வேல் பாய்ச்சாதீங்க."

அப்போதுதான் ரேவதி பேசினாள். ரேவதி எங்கள் குழுவிலேயே வேகமான பெண், கணவரோடு சேர்ந்து ஓடுகிறவள், வாய் திறந்து நான் அதிகம் கேட்டதில்லை.

"சார், என்னோட வேகமான கிலோமீட்டர் எதுன்னு பாத்திருக்கீங்களா? எல்லா வாரமும் பாடிதான். நீங்ககூட ஒவ்வொரு தடவையும் போன்ல கைதட்டுற பொம்ம போடுவீங்க. 'என்ன மன உறுதி'ன்னு எழுதுவீங்க." காபி டம்ளரைக் கீழே வைத்தாள். "அது பயத்துல ஓடினது சார்."

அவள் கணவரே அவளைத் திரும்பிப் பார்த்தார். அவருக்கும் அன்றுதான் தெரிந்திருக்கிறது. பக்கத்திலேயே ஓடிய மனிதருக்கு!

கேப்டன் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். கெட்டவர் இல்லை என்று முன்பே சொன்னேன். "சரிங்க, இந்தத் தடவ விதியத் தளத்திக்கலாம்" என்று மெதுவாகச் சொன்னார். அது இன்னும் எரிச்சலாக இருந்தது. யார் கேட்டது சலுகை? விசில் மேஜைமேல் சட்னிக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் கிடந்தது. முன்னால் பறக்கிறவர்கள் கழுத்தில் தொங்கி இதுநாள்வரை அது செய்த வேலை என்ன? ஞாயிற்றுக்கிழமை ஒரே ஒரு தரம் ஊதியதுதான். பாலத்துக்கு அடியில் நான் தொண்டை கிழியக் கத்தியபோது அது இருந்திருக்க வேண்டிய இடம் எதுவென்று எனக்குச் சந்தேகமே இல்லை. எடுத்து என் கழுத்தில் நானே மாட்டிக்கொண்டேன். ஷாஹிதா எனக்கு இரண்டு இட்லியும் ஒரு வடையும் சொன்னாள்.

காலை 9.10. ஆவடி பஸ்.

பூந்தமல்லியிலிருந்து ஆவடி, ஆவடியிலிருந்து அம்பத்தூர். பெண்களுக்குக் கட்டணமில்லை, ஆனாலும் கண்டக்டர் சீட்டைக் கிழித்துக் கொடுத்தார். உட்கார்ந்த இடத்தில் வந்த பயணத்துக்குக் கையில் சாட்சி இருக்கிறது. பருத்திப்பட்டு ஏரி ஓரமாகப் பஸ் போனபோது, கரையில் ஆண்கள் கூட்டமாக ஓடிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு, காதில் பாட்டை மாட்டிக்கொண்டு, முகத்தில் அப்படியொரு நிம்மதியோடு ஓடினார். நான் என் வாழ்நாளில் கண்ணை மூடி நாலடி ஓடியதில்லை. பொறாமையில் வயிறு எரிந்தது, மறைப்பானேன்.

மேனாம்பேட்டில் எங்கள் அடுக்குமாடி வாசலில் காவலாளி நாற்காலியிலிருந்து எழுந்து, "இன்னா மேடம், வாக்கிங்கா?" என்றார்.

"ஓட்டம். பூந்தமல்லிக்கு."

"முழுசாவா?"

"முழுசா," என்றேன். இதைச் சொல்லும்போது வாட்சைப் பார்க்கத் தோன்றவில்லை.

லிப்டில் ஏறும்போது போன் அதிர்ந்தது. கேப்டன் எழுதியிருந்தார்: "மேடம், அடுத்த ஞாயிறு ஓட்டம் ஆரம்பிக்க விசில் வேணுமே. எங்க வந்து வாங்கிக்கட்டும்?"

யோசிக்கவே இல்லை. பதில் எழுதினேன்: "பாடி பாலத்துக்கு அடியில் தருகிறேன். ஸ்கூட்டரைக் கூட்டிக்கொண்டு, என் பின்னால் கடைசி ஆளாக ஓடி வாருங்கள்."